மாரண்டஹள்ளிக்குப் போன இத்தாலி நாற்காலி

தர்மபுரி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மார்த்தா கேட்ட முதல் கேள்வி, "இங்கே எல்லா நாற்காலியும் பிளாஸ்டிக்தானா?" என்பது. டீக்கடை வாசலில் சிவப்பு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். "அநேகமாக அப்படித்தான்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரே ஒரு மரநாற்காலியைத் தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் வந்தவரிடம் நான் கொஞ்சம் பதமாகப் பேசியிருக்கலாம்.

மார்த்தா நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா. மிலான் நகரத்துக்கு வடக்கே, தெருவுக்குத் தெரு மரச்சாமான் பட்டறைகள் இருக்கிற ஒரு சின்ன ஊரில், அவர் வீட்டு மாடியில் பல வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். என் சொந்த ஊர் சிவகாசி. மார்த்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கனத்த உடம்பு, முழங்கால் வலி, யாருக்கும் அடங்காத வாய். நான் லீவில் ஊருக்குக் கிளம்பும்போது, "செல்வி, உன் ஊருக்குப் பக்கத்தில்தானே தர்மபுரி?" என்று கேட்டார். பக்கம்தான், மிலானுக்கு வெனிஸ் பக்கம் என்பது போல. ஆனால் அவர் கேட்ட விதத்தில் "ஆமாம்" என்பதைத் தவிர வேறு பதில் வாயில் வரவில்லை.

அவர் தேடி வந்தது இத்தாலிக்காரர்கள் பெருமையடித்துக்கொள்ளும் ஒரு நாற்காலி. ஜெனோவாவுக்குக் கிழக்கே கியாவரி என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே இருநூறு வருஷத்துக்கு முன்பிருந்தே மெல்லிய கால்களும் பின்னல் இருக்கையும் கொண்ட எடையில்லாத நாற்காலிகளைச் செய்து வந்தார்கள். போருக்குப் பிறகு, ஐம்பதுகளில், மிலானைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஒருவர் அந்தக் கடற்கரை நாற்காலியை எடுத்து, இதற்கு மேல் இழைத்தால் நாற்காலியே மிஞ்சாது என்கிற அளவுக்கு இழைத்துவிட்டார். கோடரிக்குப் பிடி போடுகிற ஆஷ் மரம். விரல் பருமனில் முக்கோணக் கால்கள். இருக்கைக்கு இந்தியாவிலிருந்து போன பிரம்பு. மொத்த எடை ஒரு பூசணிக்காய் கூட வராது. மாடியிலிருந்து தூக்கி எறிந்து பார்த்தார்கள், பந்து போல எம்பி விழுந்ததே தவிர உடையவில்லை என்று அங்கே ஒரு கதை உண்டு. இப்போது மியூசியங்களில் சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று.

மார்த்தாவின் அப்பா அந்த நாற்காலியைச் செய்த பட்டறையில் கால் இழைத்தவர். செய்கிறவர்கள் வீட்டில் அந்த நாற்காலி இருக்காது. கட்டுபடியாகாது. எங்கள் சிவகாசியில் பட்டாசு சுற்றுகிறவர்கள் வீட்டுத் தீபாவளியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணு விழுந்த கால்களை மட்டும் பட்டறையில் அடுப்புக்குப் போடுவார்கள். அவ்வளவு மெல்லிய காலில் கணு இருந்தால் அந்த இடத்தில் ஒடியும் என்பது கணக்கு. அப்பா அப்படி ஒதுக்கிய ஒரு காலையும், மற்ற மிச்சம் மீதியையும் கேட்டு வாங்கி வந்து, வீட்டிலேயே ஒரு நாற்காலியை முடித்தார். எட்டு வயது மார்த்தா சில நாள் அதில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வாரமே அப்பாவின் தங்கை, கன்னியாஸ்திரி ஆக்னஸ், நோயாளிகளைப் பார்க்க இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். கொடுத்தனுப்ப வீட்டில் வேறு நல்ல பொருள் எதுவும் இல்லை. நாற்காலியும் கப்பல் ஏறிவிட்டது.

அதோடு அப்பாவின் நிம்மதி போயிற்று. தங்கைக்குப் போய்க் கணு விழுந்த காலைக் கொடுத்துவிட்டோமே, உட்காரும்போது ஒடிந்து அவள் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால்? எழுதிக் கேட்கவும் கூச்சம். கேட்டால் கழித்துப் போட்ட மரம் என்று தெரிந்துவிடுமே. அவராகவும் கேட்கவில்லை, தங்கையும் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அந்தக் கால் இந்நேரம் ஒடிந்திருக்கும்" என்று சாகிறவரை தனக்குள் முனகிக்கொண்டே இருந்தாராம். அத்தை தர்மபுரிப் பக்கத்திலேயே வாழ்ந்து அங்கேயே அடக்கமாகிவிட்டார். மார்த்தாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கால் ஒடிந்ததா, இல்லையா?

முதல் நாள் கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏறினோம். "வெள்ளக்காரம்மாவுக்கு எடம் வுடுங்க" என்று நடத்துநர் குரல் கொடுக்க, ஒருவர் எழுந்து இடம் தந்தார். உட்கார்ந்த மறுநிமிஷம், நின்றுகொண்டிருந்த ஒரு பெண் தன் குழந்தையை மார்த்தாவின் மடியில் வைத்துவிட்டாள். கேட்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. உட்கார்ந்திருக்கிறவர் மடி பொதுச்சொத்து என்பது நம் பஸ்களின் சட்டம். மார்த்தா திகைத்துப்போய், "இந்தக் குழந்தை யாருடையது? எங்கே இறங்கும்?" என்று என்னைக் கேட்டார். அவர் ஊரில் இப்படி முன்பின் தெரியாதவரிடம் குழந்தையைக் கொடுத்தால் போலீஸ் வரும். குழந்தையோ அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிச் சப்பிக்கொண்டு சௌகரியமாக வந்தது.

ஆக்னஸ் வாழ்ந்த ஊர் கம்பைநல்லூரைத் தாண்டி இருந்தது. கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் அவர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இப்போது பால் சொசைட்டி நடக்கிறது. பால் ஊற்ற வந்திருந்தவர்களில் ரோஸ்லின் என்ற பெண்மணி முன்பு சிஸ்டரிடம் உதவிக்கு இருந்தவர் என்று சொன்னார்கள். அவரிடம் நாற்காலியைப் பற்றிக் கேட்டதும் கேனைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊசி நாக்காலிங்களா? அது எனக்குத் தெரியாதுங்களா! அதுல ஒக்கார வெச்சித்தாங்க சிஸ்டரு ஊசி போடுவாங்க. அதப் பாத்து அழுவாத புள்ளயே இந்த ஊர்ல கெடையாதுங்க."

"சிஸ்டர் எப்பவாவது அதிலிருந்து விழுந்திருக்காங்களா?"

"சிஸ்டரு எங்கங்க ஒக்காந்தாங்க? காத்தால இருந்து பொழுது போற மட்டும் நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க. ஒரு நாளும் அதுல ஒக்காந்து நான் பாக்கலிங்க."

இதை மொழிபெயர்த்ததும் மார்த்தா பலமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "முப்பது வருஷம் என் அப்பா இதற்காகவா தூங்காமல் கிடந்தார்?" என்றார். ஆனால் நாற்காலி எங்கே என்ற கேள்வி அப்படியே இருந்தது.

"ஆஸ்பத்திரிய மூடனப்ப பீரோவு, பெஞ்சி, தராசு எல்லாத்தயும் ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க" என்றார் ரோஸ்லின். "நாக்காலிய மட்டும் ஒருத்தரும் தொடலிங்க. ஊசி நாக்காலிய வூட்ல வெச்சா வூட்டுக்கு நோவு வந்துடும்னு பயம். மாரண்டஹள்ளிப் பக்கத்துல இருந்து கூத்து வாத்தியாரு ஒருத்தரு கால் புண்ணுக்கு இங்க வந்து படுத்துக் கெடந்தாருங்க, சிஸ்டர்தான் ஆத்தி வுட்டாங்க. அவுருதான் வந்து தூக்கிட்டுப் போனாரு. இப்ப அவுரு மவன் முனிராஜ் ஜமா நடத்துறாருங்க. துரியோதனன் ஒக்கார்ற நாக்காலி அதுதானாம்."

ஜமா என்றால் கூத்துக் குழு. அதை எளிதாகச் சொல்லிவிட்டேன். துரியோதனனை இத்தாலிய மொழியில் விளக்குவதுதான் பெரும்பாடு. பெரிய ராஜா, பேராசைக்காரன், கதாயுதம் சுற்றுவதில் கெட்டிக்காரன், கூடப் பிறந்தவர்கள் மட்டும் ஒரு ஊர் அளவுக்கு இருப்பார்கள் என்றேன். மார்த்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு எடை இருப்பான்?" என்றார். தொழிலாளி வீட்டுப் பெண் கேட்க வேண்டிய கேள்விதான்.

கிளம்பும் முன் கல்லறைக்குப் போனோம். மார்த்தா பூ வைத்தார். அத்தையிடம் ஏதோ நீளமாகக் கோபித்துக்கொண்டார். நான் தள்ளி நின்றதால் காதில் விழவில்லை.

இரண்டாம் நாள் பாலக்கோட்டுக்குப் போகிற பஸ் காரிமங்கலத்தைத் தாண்டியதும் மூச்சை நிறுத்திக்கொண்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார், நடத்துநர் இறங்கிப் பார்த்தார், பின்னர் பயணிகளில் பாதிப் பேர் இறங்கி ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பின்னால் காலிப் பெட்டிகளோடு தக்காளித் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு டெம்போ நின்றது. டிரைவர் மார்த்தாவை மேலும் கீழும் பார்த்தார். "முன்னாடி ஏறிக்கச் சொல்லுங்க. முட்டி வலிக்காரங்களாட்டம் இருக்குது" என்றார். நான் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் தொற்றிக்கொண்டேன். வழி நெடுக அவர் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வர, மார்த்தா இத்தாலிய மொழியில் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாரண்டஹள்ளியில் ஒரு சின்ன மெஸ்ஸில் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கிடைத்தது. களி உருண்டையைப் பார்த்ததும் மார்த்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஊரில் மக்காச்சோள மாவில் இதே போலக் கிண்டி, இதே போலக் கட்டி விழாமல் துழாவி, பொலெந்தா என்று சாப்பிடுவார்கள். ஏழைகள் சாப்பாடாக இருந்தது இப்போது ஓட்டலில் விருந்தாகிவிட்டது. அவர் ஆசையாக மென்று தின்பதை மெஸ்காரம்மாவால் பொறுக்க முடியவில்லை. "மெல்லக் கூடாதுங்கம்மா! கொழம்புல தொட்டு அப்பிடியே முழுங்கோணும்." நான் சொன்னதும் மார்த்தா, "சாப்பாட்டை மெல்லக் கூடாது என்று எனக்கு யாரும் உத்தரவு போட முடியாது" என்றார். அடுத்த கவளத்தை முழுங்கிப் பார்த்தார். அதற்கடுத்ததையும் முழுங்கினார். மெஸ்காரம்மா ஜெயித்துவிட்டார்.

ஜமா பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாரதம் நடத்திக்கொண்டிருந்தது. திரௌபதியம்மன் கோயிலுக்கு எதிரே போட்டிருந்த கொட்டகையில், இரவெல்லாம் ஆடிய பாண்டவர்களும் கௌரவர்களும் பாயில் ஒன்றாகப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். முனிராஜ் வாத்தியார் மட்டும் விழித்திருந்தார். அறுபது வயதிருக்கும். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்று கும்பிட்டார். "ஊசி சிஸ்டரு அண்ணன் மவளா? எங்கப்பன் கால் அவுங்க குடுத்ததுங்க" என்றார். பிறகு மேலே கை காட்டினார்.

கொட்டகையின் குறுக்குக் கழியில் நாற்காலியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வருஷா வருஷம் பூசிப் பூசித் தங்கப் பெயிண்ட் தோலாகப் படிந்திருந்தது. பிரம்பு போன இடத்தில் பச்சையும் மஞ்சளுமாக நைலான் ஒயர் பின்னியிருந்தார்கள். நான் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குள் மார்த்தா என் கையைப் பிடித்தார். மேலே பார்த்துக்கொண்டிருந்த நாலு கால்களில் ஒன்று மட்டும் தடியாக, உருண்டையாக இருந்தது. முக்கோணம் இல்லை. யாரோ புதிதாகப் போட்ட கால்.

"ஒடிந்துவிட்டது" என்றார் மார்த்தா. "அப்பா சொன்னது சரி."

எப்போது, எப்படி என்று கேட்கிறேனே என்றேன். "கேட்காதே" என்றார். கணு எந்தக் காலில் இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் ஒடிகிற கால் அதுவாகத்தானே இருக்க முடியும்? கீழே இறக்கிக் காட்ட முடியுமா என்று மட்டும் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். "ராசா வேஷம் கட்டற வரைக்கும் எறக்கறதில்லிங்க. கீழ வெச்சா யாராச்சும் ஒக்காந்துடுவாங்க. கிரீடம் கட்டாதவங்க அதுல ஒக்காந்தா ஆட்டம் தப்பிடும். எங்கப்பன் காலத்துல இருந்து அப்பிடிங்க. நாளைக்குக் காத்தால படுகளம், துரியோதனன் சாகற ஆட்டம். அவசியம் வந்து பாருங்க."

அன்று லாட்ஜில் அறை எடுத்ததும் மார்த்தா விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். யார் விழுந்திருப்பார்களோ, ஊசி போட வந்த கர்ப்பிணியோ, கிழவரோ என்று அவர் மனசு போயிருக்கும். என் மனசும் அங்கேதான் போயிற்று. இவரைக் கூட்டிக்கொண்டு வராமலே இருந்திருக்கலாம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில், வரமாட்டேன் என்றவரைக் காபி வாங்கிக் கொடுத்துக் கிளப்பினேன். அந்தக் காபியைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லாதது, அவர் எவ்வளவு உடைந்து போயிருந்தார் என்பதற்கு அத்தாட்சி.

ஊர்ப் பொதுவெளியில் மண்ணால் ஒரு பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடந்தான். முறுக்கு மீசை, பிதுங்கிய கண்கள். அவனைச் சுற்றிப் பீம வேஷக்காரர் துரத்த, துரியோதன வேஷக்காரர் ஓட, ஊரே சேர்ந்து கத்தியது. துரியோதனன் வேஷம் கட்டியவர் பெயர் சின்னசாமி. மற்ற நாட்களில் பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவர். ஆள் நல்ல கனம். இந்த ஜமாவில் துரியோதனன் ஓடும்போதும் சிம்மாசனத்தை விடமாட்டான், கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடுவான். ராஜ்ஜியத்தை விட மனசில்லாதவன் என்று காட்ட வாத்தியாரின் அப்பா வைத்த வழக்கமாம். நாற்காலி அவ்வளவு லேசாக இருந்ததால்தான் அவருக்கு அந்த எண்ணமே வந்திருக்கும்.

சின்னசாமி ஒற்றைக் கையில் நாற்காலியைத் தலைக்குமேல் சுழற்றினார். பீமனை நோக்கி வீசினார். அது மண்ணில் குத்தி, எம்பி, உருண்டது. ஓடிப்போய் எடுத்து நிறுத்தி, கனத்த உடம்போடு அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்து, எழுந்து, மறுபடி சுழற்றினார். மார்த்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மியூசியத்தில் கயிறு கட்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

பீமன் ஜெயித்தான், திரௌபதி கூந்தல் முடித்தாள், கூட்டம் கலைந்தது. கொட்டகையில் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னசாமியின் பக்கத்தில் நாற்காலி நின்றது. இனி என்னால் பொறுக்க முடியாது என்று, மார்த்தாவைக் கேட்காமலே வாத்தியாரிடம் கேட்டுவிட்டேன். இந்தக் கால் எப்படிப் போயிற்று?

"அதுங்களா? வெளியூர் ஆட்டத்துக்குப் போனப்ப டெம்போவ ரிவர்ஸ் எடுத்தான் பாருங்க, சக்கரம் முன்னங்கால் மேல ஏறிடுச்சு. டெம்போ ஏறுனா எதுதாங்க தாங்கும்? அப்பறம் ஆசாரிகிட்டச் சொல்லிப் பூவரசங் கட்டையில போட்டம்."

"அப்போ கணுவால ஒடியலையா?"

"கணுவா? கணு இதுல இல்லிங்க. அது பின்னங்கால்ல இருக்குது." வாத்தியார் நாற்காலியைத் திருப்பினார். "தோ, ஒக்கார்ற எடத்துக்கு மேல. அந்த எடம் கொஞ்சம் பொடச்சிக்கிட்டு இருக்கும். அதப் புடிச்சித்தாங்க சுத்தறதே. கை வேர்த்தாலும் வழுக்காது. எங்கப்பன் ஆடறப்பவும் அங்கதான் புடி, இப்ப சின்னசாமிக்கும் அங்கதான்."

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மார்த்தா குனிந்துவிட்டார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. பெயிண்ட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பிப் போய் மறுபடி நின்றது. "இருக்கிறது" என்றார். "செல்வி, இருக்கிறது. இங்கேயே இருக்கிறது." தொட்டுப் பார் என்று என் விரலையும் பிடித்து வைத்தார். அப்போதுதான், நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. எனக்கும் அந்த நாற்காலிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கவெல்லாம் தோன்றவில்லை.

மார்த்தா நிமிர்ந்தார். "நான் இதில் உட்கார வேண்டும்" என்றார்.

கிரீடம் கட்டாதவர்கள் உட்காரக் கூடாது என்ற வழக்கத்தை நினைவுபடுத்தினேன். "என்னை ஏன் பார்க்கிறாய்? அவரிடம் கேள்" என்றார். வாத்தியாரிடம் கேட்டேன். அவர் தாடையைத் தடவினார். சின்னசாமியைப் பார்த்தார். சின்னசாமி சிரித்துக்கொண்டே பக்கத்தில் கழற்றி வைத்திருந்த கிரீடத்தை எடுத்தார்.

"வழக்கத்த மாத்த வேணாங்க. கட்டி வுட்டுடலாம்" என்றார் வாத்தியார்.

கண்ணாடிச் சில்லுகள் பதித்த அந்தப் பெரிய கிரீடத்தை மார்த்தாவின் நரைத்த தலைக்குமேல் வைத்து, தாடைக்குக் கீழே கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். தோளுக்குப் புஜக்கட்டையும் ஏறியது. வாத்தியார் மூன்று கௌரவர்களை எழுப்பிக் கூப்பிட்டு, ராஜா வருகிறார் என்று நிற்க வைத்தார். கலைந்துபோன கூட்டத்தில் பாதி திரும்பி வந்துவிட்டது. "அம்மா மீசையும் வெச்சிக்கறீங்களா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மார்த்தா சிரிக்கவில்லை.

அவர் நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாக இறங்கி, இருக்கையின் நுனியைத் தொட்டார். பாதி உடம்பைக் கால்களிலேயே தாங்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் பயம் முழுவதும் அந்த அரை உட்காரலில் இருந்தது.

"நல்லா ஒக்காருங்கம்மா" என்றார் சின்னசாமி. "நானே குதிக்கறேன், உங்களத் தாங்காதுங்களா?"

நான் சொன்னேன். மார்த்தா கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நாற்காலி ஒரு சத்தமும் போடவில்லை. இருக்கையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கினார். கொஞ்ச நேரம் பொறுத்து மற்ற காலையும் தூக்கினார். கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்ததைக்கூடச் சரி செய்யாமல், இரண்டு கால்களும் அந்தரத்தில் இருக்க, அப்படியே உட்கார்ந்திருந்தார்.